மெழுகில் நிற்கும் மெட்டும் மரத்தில் இறங்கிய ஃப்ரெட்டும்

வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8ஆம் தேதி முடிந்ததும் தஞ்சாவூரில் பழுதுபார்க்க என் வீட்டுக்கு வரும் கிட்டார்களின் எண்ணிக்கை கூடிவிடும். ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடி ஏறியதிலிருந்து பாடகர் குழுப் பையன்கள் ஓயாமல் வாசித்திருப்பார்கள். கடற்காற்று, வியர்வை, திரும்பத் திரும்ப அதே நான்கைந்து கோர்டுகள். "அண்ணா, ரெண்டாவது கம்பியில மூணாவது ஃப்ரெட்ட அமுக்குனா ஜர்ருன்னு இரையுது" என்பார்கள். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பித் துண்டு. கையோடு தீர்வையும் சொல்லிவிடுவார்கள்: "ஆக்‌ஷனைக் கொஞ்சம் ஏத்திடுங்க, சரியாப் போயிடும்."

அந்தத் தீர்வைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுகளுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம். கம்பியை உயர்த்தினால் இரைச்சல் அடங்கும், உண்மைதான். ஆனால் அமுக்குவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். கம்பி கூடுதலாக இழுபடுவதால் சுருதியும் கொஞ்சம் ஏறிப் பேசும். கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வயலே போதும். நடவுக்கு முன் சேற்றில் பரம்படித்து மட்டம் செய்வது எதற்காக? மேடாக இருக்கும் இடத்தில் தண்ணீர் ஏறாது, புல் மண்டும். பள்ளத்தில் நாற்று அழுகும். மேட்டைக் கரைக்காமல் வரப்பை உயர்த்திக் கூடுதலாகத் தண்ணீர் கட்டினால் மேடு நனையும், மற்ற இடமெல்லாம் மூழ்கும். ஒரு ஃப்ரெட் மேடாக இருப்பதற்காக ஆறு கம்பிகளையும் உயர்த்துவது அந்த வேலைதான்.

சரி, ஃப்ரெட் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். விரல் கம்பியை அமுக்கும்போது கம்பி உண்மையில் ஃப்ரெட்டின் உச்சியில்தான் உட்காருகிறது. அங்கிருந்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் சேடில் என்ற மெல்லிய பட்டை வரை அதிரும் நீளம்தான் சுரத்தைத் தீர்மானிக்கிறது. ஆக ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, அது நிற்கும் இடம். மற்றொன்று, அதன் உயரம்.

இடம் கணக்கால் வருவது. கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581இல் வெளியிட்ட இசை நூலில், லூட் என்ற பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியத்துக்கு 18 என்ற எண்ணைச் சொன்னார். கம்பி அதிரும் மொத்த நீளத்தை 18ஆல் வகுத்து வரும் தூரத்தில் முதல் ஃப்ரெட், மிச்ச நீளத்தை மறுபடி 18ஆல் வகுத்து இரண்டாவது, இப்படியே போக வேண்டும். இன்று துல்லியமாக 17.817 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதிரும் கம்பி 648 மில்லிமீட்டர் நீளமுள்ள கிட்டாரில், கம்பிகள் தலைப்பக்கம் உட்காரும் நட் என்ற பட்டையிலிருந்து முதல் ஃப்ரெட் 36.4 மி.மீ. தூரத்தில் வரும். 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 324 மி.மீ. தூரத்தில் நிற்கும். பழைய 18ஐ வைத்துக் கணக்கிட்டால் 12ஆவது ஃப்ரெட் 2 மி.மீ.க்கு மேல் பின்தங்கிவிடும். கிட்டார் செய்பவர் இந்தக் கணக்கின்படி மரத்தை ரம்பத்தால் அறுத்து, அந்தப் பிளவில் ஃப்ரெட் கம்பியை அடித்து இறக்குகிறார். அதோடு இடம் என்ற விஷயம் முடிந்தது. நாம் அதைத் தொட முடியாது.

வீணையில் கதையே வேறு, தஞ்சாவூரில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஃப்ரெட்டை வீணையில் மெட்டு என்பார்கள். எங்கள் ஊர் வீணையில் 24 மெட்டுகள். ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் துணையோடு இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்று இசை வரலாறு சொல்கிறது. அதற்கு முன் ராகத்துக்கு ராகம் மெட்டுகளை நகர்த்திக்கொள்ளும் வீணைகள் இருந்தன. ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு மெட்டுகளை நிலையாக வைத்துவிட்டால் எந்த ராகத்தையும் அதிலேயே வாசிக்கலாம். தீட்சிதரின் மகன் வேங்கடமகி 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்தது இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் "நிலையாக" என்று சொன்னாலும் அந்த மெட்டுகள் நிற்பது மரத்தில் இல்லை, மெழுகில். வீணையின் கழுத்தான பலாமரத் தண்டியின் இரு ஓரங்களிலும் தேன்மெழுகும் கரியும் கலந்த கறுப்புச் சட்டம் ஓடும். அதில்தான் மெட்டுகள் பதிந்திருக்கும். சூடு காட்டினால் மெழுகு இளகும். அப்போது மெட்டை ஒரு நூலளவு முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், அழுத்தித் தாழ்த்தலாம், மெழுகு சேர்த்து உயர்த்தலாம். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். (தவில், நாகஸ்வரம் என்றே மேளத்தை அறிந்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு முதலில் குழம்புவார்கள். நானும் சிறுவயதில் குழம்பியிருக்கிறேன்.) ஆசாரி ஒவ்வொரு மெட்டையும் சுருதியோடு சேர்த்துக் காதால் கேட்டு நிறுத்துவார். தண்டி லேசாக வளைந்திருந்தால் அந்த வளைவையும் மெழுகின் உயரத்தில் சரிக்கட்டிவிடுவார். சில வருடங்களில் மெழுகு காய்ந்து மெட்டு ஆடத் தொடங்கும். அப்போது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் வீணை வேலை செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். நான் கிட்டாரும் அரமுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நான் தப்பா வச்சா சூடு காட்டி எடுத்துடுவேன். நீ தப்பா அராவிட்டா என்ன பண்ணுவ?" என்னிடம் பதில் இல்லை. அராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கிட்டாரில் நம் கைக்கு விடப்பட்டிருப்பது உயரம் மட்டும்தான், அதிலும் குறைக்க மட்டும்தான் முடியும். ஃப்ரெட் மட்டம் செய்வதைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு நிலையிலிருந்து வருகிறது. அரத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உயரம் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால் இந்தத் தயக்கம் புரியும். புது ஃப்ரெட் பெரும்பாலும் 0.9 மி.மீ. முதல் 1.4 மி.மீ. வரை உயரம் இருக்கும். சாதாரண எழுதும் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. பத்துப் பன்னிரண்டு தாள்களை அடுக்கினால் ஒரு ஃப்ரெட்டின் முழு ஆயுளும் அவ்வளவுதான். ஒருமுறை நன்றாக மட்டம் செய்தால் அரைத் தாளோ ஒரு தாளோ போகும். பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் இன்னும் கூடுதலாகப் போகும். உயரம் 0.7 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் விரல் மரத்தில் உரசும், கம்பியைப் பிடித்து இழுக்க வராது. அதனால்தான் ஒரு கிட்டாருக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் மட்டம் செய்ய முடிவதில்லை.

இரைச்சல் வந்தவுடனே குற்றவாளி ஃப்ரெட்தான் என்று முடிவுகட்டக் கூடாது. முதல் சந்தேகம் கம்பி மீது. துருப்பிடித்த, முறுக்கேறிய பழைய கம்பி ஒழுங்காக அதிராது. புதுக் கம்பி போட்டதுமே பாதிப் புகார்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. அது கிட்டார் செய்யும் கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹ்யூ 1920களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் இழுப்பு குறைவு, பெரும்பாலும் இந்த ராட் இருக்காது.

நெக் முழு நேராக இருக்கக் கூடாது. அதிரும் கம்பி நடுவில் அகலமாக விரியும், அதற்கு இடம் விட்டு நெக் மிகச் சிறிதாக உள்வளைந்திருக்க வேண்டும். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கடைசி ஃப்ரெட்டில் மறுகையாலும் அமுக்கிக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டு தாள் நுழையும் இடைவெளி, அதாவது 0.2 மி.மீ. அளவில் இருந்தால் போதும். இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்னால் வளைந்துவிட்டது, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளிலும் இரைச்சல் வரும். அதைச் சரிசெய்ய ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கால் சுற்றாகத் தளர்த்தினால் போதும், அரம் தேவையே இல்லை. அமுக்காத கம்பி மட்டும் இரைந்தால் நட்டில் இருக்கும் வெட்டு ஆழமாகிவிட்டது. அதற்கும் ஃப்ரெட்டுக்கும் சம்பந்தமில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இரைகிறது என்றால் ஃப்ரெட்டுக்கு வரலாம். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்றாவது ஃப்ரெட்டை அமுக்கும்போது இரைச்சல் என்றால், கம்பி தட்டுவது நாலாவதிலோ அதற்கு மேலோதான். அதனால் நாலாவது மேடு என்று உடனே அராவப் போய்விடுவார்கள். அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதையும் முதலாவதையும் அமுக்கிப் பாருங்கள். அங்கும் இரைந்தால் நாலாவதுதான் மேடு. அங்கெல்லாம் சுத்தமாக இருந்து மூன்றாவதில் மட்டும் இரைந்தால் மூன்றாவது தேய்ந்து பள்ளமாகிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மேடு என்றால் ஒரு ஃப்ரெட்டோடு வேலை முடியலாம். பள்ளம் என்றால் மற்ற எல்லாவற்றையும் அதன் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

காதுக்குக் கிடைத்த சந்தேகத்தைக் கைக்கு உறுதிப்படுத்த ஒரு நேரான சின்னத் துண்டு போதும். இதற்கென்றே விற்கும் ஸ்டீல் தகடு கிடைக்கும். இல்லாவிட்டால் காலாவதியான ஏடிஎம் அட்டை. அதன் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள் மீது மட்டும் படும்படி வைத்து மெதுவாக அசையுங்கள். நடுவில் இருப்பது மேடு என்றால் சீசா பலகை மாதிரி டக்டக்கென்று ஆடும். தொடக்கத்தில் அட்டையின் நீள விளிம்பு, நடுவில் அகல விளிம்பு, மேலே போகப்போக வெட்டிச் சிறிதாக்கிய துண்டு. ஒவ்வொரு கம்பியின் கீழும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஃப்ரெட் ஒரு ஓரத்தில் மட்டும் தூக்கியிருக்கலாம்.

இந்த ஓரத்தில் தூக்கும் விஷயத்தில்தான் என் முதல் கிட்டார் வீணானது. கல்லூரியில் படித்தபோது ஐந்தாவது ஃப்ரெட் ஒரு முனையில் மேலே எழும்பிவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் எழும்பிய முனையை அராவித் தாழ்த்திக் கொடுத்தார்கள். ஒரு மாதம் அருமையாகப் பேசியது. அப்புறம் வேறொருவர் தளர்ந்திருந்த அந்த ஃப்ரெட்டைத் தட்டி உள்ளே இறக்கினார். அராவிய முனை மரத்தோடு படிந்து பள்ளமாகிவிட்டது, அங்கே எதை அமுக்கினாலும் ஆறாவது ஃப்ரெட்டில் தட்டியது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது வேறு. ஃப்ரெட்டின் அடியில் மரத்துக்குள் இறங்கும் வால்பகுதி ஒன்று உண்டு. அது பிடி விட்டதால்தான் முனை எழும்பியது. ஒரு துளி மெல்லிய சூப்பர் குளூவை உள்ளே ஓட விட்டு, அழுத்திப் பிடித்து ஒட்டியிருந்தால் பழைய உயரத்துக்கு வந்திருக்கும். விரலால் அமுக்கினால் அசையும் ஃப்ரெட்டில் ஒருபோதும் அரம் வைக்கக் கூடாது.

இப்போது மட்டம் செய்யும் வேலைக்கு வரலாம். மழைக்காலத்தின் நடுவில் இதைச் செய்யாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அன்றைக்கு மட்டமாக்கியது பங்குனியில் மட்டமாக இருக்காது. தை, மாசி நல்ல காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கிட்டாரை வேலை செய்யும் அறையிலேயே சில நாட்கள் வைத்திருந்து பிறகு தொடங்குவது என் வழக்கம்.

கம்பிகளைக் கழற்றியதும் இழுப்பு போய்விடும், நெக் பின்னால் சாயும். ட்ரஸ் ராடைத் தளர்த்தி, நீளமான ஸ்டீல் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, நெக்கை முடிந்தவரை நேராக்குங்கள். இதை விட்டுவிட்டு அராவினால் வளைவைத்தான் மட்டம் என்று அராவுவோம். கம்பி மாட்டியதும் எல்லாம் மாறிவிடும். பிறகு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரம் தெரியாமல் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பையும் மூடிவிட வேண்டும், அராவிய துகள்கள் அதற்குள் புகுந்துகொள்ளும். அடுத்து, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு ஃப்ரெட்டின் உச்சியிலும் முனைக்கு முனை மை பூசுங்கள். கண் பார்ப்பதைவிட இந்த மை சொல்வது நம்பகமானது.

அராவ நான் பயன்படுத்துவது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுள்ள சதுர அலுமினியக் குழாய். ஹார்டுவேர் கடையில் வாங்கியதுதான், ஆனால் கடையிலேயே கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்து, அடியில் வெளிச்சம் தெரியாத துண்டைப் பொறுக்கி எடுத்தேன். அதன் ஒரு பக்கத்தில் இருபுறம் ஒட்டும் டேப் போட்டு 320 எண் உப்புத்தாள். கம்பி ஓடும் திசையிலேயே, நெக்கின் நீளவாக்கில், குழாயின் எடை மட்டுமே அழுத்தும்படி தள்ள வேண்டும். கையால் அமுக்கினால் நெக் வளையும், வளைந்த இடம் தப்பித்துக்கொள்ளும். விரல் பலகை நேர்த்தட்டையாக இல்லாமல் குறுக்கில் லேசாகக் குவிந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு கம்பியின் பாதையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போக வேண்டும்.

நாலைந்து தள்ளலுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மை போன இடம் மேடு. மை அப்படியே இருக்கும் இடம் பள்ளம். பரம்படித்த வயலில் தண்ணீர் கட்டிப் பார்த்தால் மேடு பள்ளம் எப்படித் தெரியுமோ, அப்படித் தெளிவாக நெக் முழுவதும் தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நேரம் அதுதான். பல மாதங்களாகக் காதில் விழுந்த கோளாறு கண்ணுக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளியாக நிற்கும். எல்லா ஃப்ரெட்டிலும் மை போய்விட்ட நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு தள்ளல் தள்ளினாலும் அது காரணமில்லாமல் எடுத்த உலோகம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் ஒரே ஒரு ஆழமான பள்ளம் மட்டும் மிச்சம் என்றால், மற்ற இருபதையும் அதற்காகத் தாழ்த்துவதைவிட அந்த ஒன்றைக் கழற்றிப் புதிது போடுவதே நல்லது என்பது என் கருத்து. உடல்பகுதியின் மேலே ஏறும் கடைசிச் சில ஃப்ரெட்டுகளை மட்டும் மற்றவற்றைவிட ஒரு இழை தாழ்வாக விடலாம். நெக்கும் உடலும் சேரும் இடம் காலப்போக்கில் மேலே எழும்பும் பழக்கம் உள்ளது, அதற்கு இந்தத் தாழ்வு இடம் கொடுக்கும்.

மட்டம் ஆனதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கம்பி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. இரைச்சல் போயிருக்கும், ஆனால் சுரம் மங்கலாக, லேசாகச் சுருதி விலகிக் கேட்கும். காரணம், அராவியதில் ஃப்ரெட்டின் உச்சி தட்டையாகிவிட்டது. வளைந்த உச்சியில் கம்பி ஒரு கோட்டில் உட்காரும், அந்தக் கோடு ஃப்ரெட்டின் நடுவில் இருக்கும். தட்டை உச்சியிலோ கம்பி பிரிட்ஜ் பக்கத்து விளிம்பிலிருந்து கிளம்பும். தட்டைப் பகுதி 1.5 மி.மீ. அகலம் என்றால் அதிரும் நீளம் முக்கால் மில்லிமீட்டர் குறைந்துவிடும். 12ஆவது ஃப்ரெட்டில் இதனால் சுருதி ஏறக்குறைய 4 செண்ட் ஏறும். ஒரு அரைச்சுரத்துக்கு 100 செண்ட். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் ஆர்மோனியமும் கீபோர்டும் கூடவே ஒலிக்கும் பாடகர் குழுவில் அது உறுத்தும்.

அதிர்வே தட்டைப் பரப்பில் உரசி மழுங்குவது இன்னொரு தொல்லை. இங்கே எனக்கு எப்போதும் வியப்பான ஒன்று உண்டு. வீணையில் கம்பிகளைத் தாங்கும் குதிரை மேல் இருக்கும் உலோகத் தகடு அகலமானது, மிக மெல்லிய வளைவு கொண்டது. கம்பி அதன்மேல் படிந்து படிந்து எழுவதால்தான் வீணைக்கு அந்த நாதம். தம்புராவில் கம்பிக்கு அடியில் ஜீவா நூல் வைத்து அதே உரசலை வேண்டுமென்றே கூட்டுகிறோம். குதிரையில் உயிராக இருக்கும் அகலம் ஃப்ரெட்டில் கோளாறாகிவிடுகிறது. ஆகையால் ஃப்ரெட்டுக்கு அதன் வளைவைத் திருப்பித் தர வேண்டும்.

இதற்கென்று உள்வளைந்த அரம் விற்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம். நகைப்பட்டறையில் பயன்படுத்தும் சின்ன முக்கோண அரத்தின் மூன்று முனைகளையும் சாணை பிடித்து மழுங்கடித்துவிட்டால் அதுவே போதும், மரத்தைக் கிழிக்காது. மறுபடி உச்சியில் மை பூசி, ஃப்ரெட்டின் இரு தோள்களையும் மாறி மாறிச் சரிவாக அராவுங்கள். கறுப்புப் பட்டை இருபுறமும் ஒடுங்கிக்கொண்டே வரும். நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மிஞ்சும்போது அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்தக் கோட்டையும் அழித்தால் அந்த ஃப்ரெட் தாழ்ந்துவிடும், இவ்வளவு நேரம் செய்த மட்டமும் போய்விடும். இருபது ஃப்ரெட்டுக்கு எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாட்டு போட்டுக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது.

மெருகேற்றுவது நேரானது. 400, 600, 800, 1000, 2000 என்று தாள் எண்ணை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் ஒரு பொட்டு. ஒரு தாளின் கீறல் முழுவதும் போன பிறகே அடுத்த தாள். முகம் தெரியும்படி பளபளத்தால் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

பக்கவாட்டில் இழுப்பது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது அதிகம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஃப்ரெட் வாத்தியத்தில் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தையும் வாசிக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய பிறகு, கிட்டாரில் கர்நாடக இசை பழகுகிறவர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள். வீணையில் ஒரே மெட்டில் நின்று மூன்று நான்கு சுரம் வரை கம்பியை இழுப்பார்கள், அதனால் மெட்டில் பள்ளம் விழுவது சகஜம். மேளம் கட்டும்போது பள்ளம் விழுந்த மெட்டை எடுத்து அராவியோ மாற்றியோ வைத்துவிடுவார்கள். கிட்டாரில் கமகம் வாசிப்பவருக்கும் அதே தேய்மானம்தான், ஆனால் மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஃப்ரெட்டைச் சால்டரிங் அயனால் சூடாக்கி, பசை இளகியதும் தட்டை வாய்க் குறடால் மெல்லத் தூக்கி, மரம் பெயராமல் எடுத்து, பிளவைச் சுத்தம் செய்து, வளைத்த புதுக் கம்பியை இறக்கி, மறுபடி மட்டம், மறுபடி வளைவு, மறுபடி மெருகு. சாதாரண ஃப்ரெட் நிக்கல் சில்வர் என்ற கலப்புலோகம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும். மொத்தமாக மாற்றும் நிலை வந்துவிட்டால், கமகம் வாசிப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் போட்டுக்கொள்ளலாம். மிகக் கடினமானது, அராவுகிறவருக்குக் கை ஒடியும், ஆனால் பல வருடம் பள்ளம் விழாது.

அந்த நிலை வராமல் தள்ளிப்போட என்ன செய்வது? டெல்டாவில் முதல் எதிரி உப்பு. நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி வரிசையில் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீல் கம்பி இரண்டு மூன்று வாரத்தில் சொரசொரப்பாகிவிடும். துருவேறிய கம்பி ஒரு அரம் மாதிரி, ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஃப்ரெட்டைக் கொஞ்சம் தின்னும். கம்பி மாற்றும் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடுவது புரிகிறது, ஆனால் ஃப்ரெட் மாற்றும் செலவு அதைப் போலப் பல மடங்கு. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் கம்பியின் மேலும் அடியிலும் துடைப்பது ஒரு நிமிட வேலை. கைகழுவிவிட்டு வாசிப்பது அதைவிடச் சின்ன வேலை, அன்னதானப் பந்தியிலிருந்து நேராக வந்து கிட்டாரை எடுக்கும் பிள்ளைகளிடம் நான் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். ஃப்ரெட் ஓரத்தில் பச்சையாகப் படியும் களிம்பு செம்பிலிருந்து வருவது. மரத்துக்கு டேப் ஒட்டிவிட்டு 2000 எண் தாளால் லேசாகத் தேய்த்தாலே போய்விடும்.

சுருதியை ஏற்ற எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போடுகிறவர்கள் அதைத் தேவைக்கு மேல் இறுக்குகிறார்கள். எப்போதும் ஒரே ஃப்ரெட்டில் போட்டு அப்படியே இரவு முழுவதும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆறு புள்ளிப் பள்ளம் விழும். வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஈரம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்பார்கள். ஐப்பசி அடைமழையில் நம் ஊரில் அது வெகு மேலே போய்விடும். மேல்பலகை உப்பி பிரிட்ஜை உயர்த்தும், ஆக்‌ஷன் தானாக ஏறும். மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பைகளை மாதம் ஒருமுறை வெயிலில் காய வைக்காமல் அடுப்பில் லேசாகச் சூடாக்கினால்தான் ஈரம் விடும். இதற்கு நேர்மாறாக, ஏசி ஓடும் அறையில் மாதக்கணக்கில் வைத்த கிட்டாரில் விரல் பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். முனைகளை மட்டும் மெல்ல அராவி உருட்டிவிட்டால் போதும். விரல் பலகைக்கு வருடம் இருமுறை துளி எண்ணெய் தடவித் துடைத்துவிடலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடவே கூடாது. கத்திரி நாட்களில் மூடிய கார் 60 டிகிரியைத் தாண்டும். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி அளவில். வீணைக்காரர்கள் இதை அறிந்தவர்கள், மெட்டு சரிந்து வீணை பாழாகிவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கிட்டாருக்கு மெழுகு இல்லையே என்று நாம் அலட்சியமாக விடுகிறோம். பிரிட்ஜை ஒட்டிய பசையும் நெக்கைப் பிடித்திருக்கும் பசையும் அதே சூட்டில் இளகத் தொடங்கும்.

இப்போதெல்லாம் என்னிடம் வரும் ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு அட்டை எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுகிறேன். 1, 3, 5, 12 ஆகிய ஃப்ரெட்டுகளின் உயரம் வெர்னியர் அளவுகோலில் எவ்வளவு, எந்த மாதம் அளந்தது, எத்தனையாவது முறை மட்டம் செய்தது. போன மாசியில் பாடகர் குழுக் கிட்டார் ஒன்றின் அட்டையில் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு 0.82 என்று எழுதினேன். இந்த செப்டம்பரில் திரும்பி வந்தபோது 0.80. இன்னும் ஒரு முறைக்கு உலோகம் இருக்கிறது. இந்தத் தடவை புதுக் கம்பி மட்டும் மாற்றி, துடைக்க ஒரு துணியையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.